ஆவணியில் லீவு இல்லை

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில் க்ளென் வீட்டுக்குப் போனேன். அவர் தன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஜீப்பின் தலைமேல் படுத்துக்கொண்டிருந்தார். ஜீப்பின் கூரைமேல் ஒரு பெட்டி பொருத்தியிருந்தார்கள். திறந்தால் அது கூடாரமாக விரியும். உள்ளே மெத்தையும், ஏறி இறங்க ஓர் அலுமினிய ஏணியும் உண்டு. கூடாரத்தின் வாயிலிருந்து அவருடைய நரைத்த தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "நேற்று இரவு முழுக்க இங்கேதான். அருமையான தூக்கம்" என்றார். கையெட்டும் தூரத்தில் அவருடைய வீடு, ஹீட்டர் போட்டபடி, ஆளில்லாமல் கிடந்தது. நாயை நடத்திக்கொண்டு வந்த எதிர்வீட்டுப் பெண் நின்று, "முதுகு எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். "நன்றாகவே இருக்கிறது" என்று மேலிருந்து பதில் வந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எங்கள் நைனார்பாளையத்தில் சொந்த வீடுள்ள ஒரு மனிதர் இப்படி வாசலில் வண்டிமேல் படுத்திருந்தால், விடிவதற்குள் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். "வூட்டுல இன்னா சண்ட? எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசு" என்று கையைப் பிடித்து இறக்கியிருப்பார்கள். கனடாவில் இந்த எட்மண்டனுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இன்னமும் இப்படி ஏதாவது ஒன்றைப் பார்த்து, யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

க்ளெனும் நானும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். ரொட்டியைப் பைக்குள் தள்ளிக் கட்டும் இயந்திரங்கள் நின்றுபோனால் ஓட வைப்பது எங்கள் வேலை. அவர் எனக்கு மூத்தவர், ஓய்வுபெறும் வயது. மனைவி இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. அவரும் மனைவியும் சேர்ந்து போவதாகப் பல வருடம் பேசிவைத்திருந்த ஒரு பயணம் இருந்தது. வடக்கே போவது. தார்ச்சாலை முடிந்த பிறகும் சரளைச் சாலையில் வடக்கே, மரங்கள் முடிந்த பிறகும் வடக்கே, கடைசியில் ஆர்க்டிக் கடல் வந்து வழியை மறிக்கும்வரை வடக்கே. வழியில் விடுதி கிடையாது என்றே சொல்லலாம். வண்டியிலேயே சமைத்து, வண்டிமேலேயே படுத்து, சரளைச் சாலையையும் விட்டு விலகிப் பழைய சுரங்கத் தடங்களில் ஏறி இறங்கிப் போக வேண்டும். மார்ச் மாதம் ஒருநாள், சாப்பாட்டு அறையில் என் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்தபடி, "நீ வருகிறாயா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியின் எடையை ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? இங்கே எல்லோரும் நல்லவர்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வானிலை பற்றி விசாரிப்பார்கள், பனியில் வண்டி மாட்டினால் இறங்கி வந்து தள்ளிவிடுவார்கள். ஆனால் பதினோரு வருடத்தில், வேலைக்கு வெளியே, "நீ என்கூட வா" என்று இந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு இங்கே குடும்பம் இல்லை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் அப்படியே நின்றுவிட்டது. சனி ஞாயிறுகளில் துணி துவைப்பதும் போனில் ஊர்ச் சேதி கேட்பதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. அவர் கேட்டு முடிப்பதற்குள் "யெஸ்" என்று சொல்லிவிட்டேன். எப்போது என்றுகூடக் கேட்கவில்லை. பிறகுதான் சொன்னார். ஜூலையில் போனால் கொசு தின்றுவிடும், செப்டம்பர் நடுவில் பனி வந்துவிடும், ஆகஸ்ட் கடைசிதான் சரி. அந்த வாரமே மேலாளரிடம் போய் லீவு கேட்டு வாங்கிவிட்டேன்.

என் தங்கை வசந்தியின் போன் வந்தது அதற்குப் பிறகு, சித்திரை முடியும் நேரத்தில். அவளை நைனார்பாளையத்திலேயே கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சேகர் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்து சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் இறக்குகிறார். ஒரே பெண் குழந்தை, தன்ஷிகா. பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டார்கள், இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன் நான். முதல் தடவை நாள் பார்த்தபோது கொரோனா வந்து விமானங்கள் நின்றுபோயின. இரண்டாம் தடவை என்னுடைய குடியுரிமைப் பேப்பர்கள் பாதியில் இருந்தன, நாட்டை விட்டு நகர முடியவில்லை. இரண்டு தடவையும் வசந்தி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அண்ணன் வரட்டும்." அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான் மிச்சம்.

"ஸ்கூல்ல கூடப் படிக்கிற புள்ளைங்கல்லாம் ஒனக்கு ஏன் தோடு இல்லன்னு கேக்குதுங்களாம்ண்ணா. இதுக்கு மேல தள்ள முடியாது. ஆடியில வைக்கக் கூடாது. ஆவணி நடுவுல ஒரு முகூர்த்தம் இருக்குது. வரியா?" என்றாள். சமையலறையில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஆவணியின் நடு என்றால் ஆகஸ்ட் கடைசி.

"லீவு இல்லம்மா" என்றேன்.

"இன்னாண்ணா, ஒரு வாரங்கூடவா?"

"இப்பதான் ஒருத்தர் வேலைய விட்டுப் போயிருக்காரு. ஆளு கம்மி. முன்னாடியே லீவு கேட்டுப் பாத்தேன், கொடுக்க மாட்டேன்னுட்டாங்க."

யாரும் வேலையை விட்டுப் போயிருக்கவில்லை. நான் யாரையும் கேட்டிருக்கவும் இல்லை. பொய் இவ்வளவு விவரங்களோடு தானாக வரும் என்று எனக்கே தெரியாது. வசந்தி, "சரி, நீ ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ன சொல்வது? ஆலை வாசலில் மரவள்ளி வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, எடைக்கு முறை வரும்வரை சேகர் கிழங்கு மூட்டைகளுக்கு மேலேயே தார்ப்பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் அவருக்கு வண்டிமேல்தான் தூக்கம். அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "ஆளே இல்லாத இடத்துக்குப் போய், நல்ல ரோட்டை விட்டு இறங்கி, வண்டிமேல் படுப்பதற்காக நான் லீவு போட்டிருக்கிறேன், அதனால் உன் மகள் காதுகுத்துக்கு வர முடியாது" என்று எந்த மொழியில் சொல்வது? வெளிநாடுகளிலிருந்து இதைப் படிப்பவர்கள் என்னைக் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்கள் என்று நம்புகிறேன். நம்மில் பலர் ஒரு தடவையாவது இந்த "லீவு இல்லை"யைச் சொல்லியிருப்போம். ஊரில் உள்ளவர்களால் சரிபார்க்க முடியாத பொய் அது ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தக் கோடை முழுக்க இரண்டு பயண ஏற்பாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். காதுகுத்து சேகர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில். முனியப்பன். கச்சிராயபாளையம் தாண்டி, அணைக்கட்டு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலை போய், அங்கிருந்து தார் போடாத மண்தடத்தில் இறங்கி, ஓர் ஓடையைக் கடந்தால் ஒரு பாறையடியில் அவர் இருக்கிறார். கட்டடம் கிடையாது, கரண்ட் கிடையாது, கடை கிடையாது. முதல்நாளே போய், பந்தல் போட்டுத் தங்கி, விடியற்காலையில் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மொட்டையடித்துக் காது குத்திவிட்டு இறங்க வேண்டும். எங்கள் ஊருக்கும் அந்த மலை வடக்கேதான். ஆக, தங்கையும் அண்ணனும் ஒரே வாரத்தில், வண்டியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, கரடுமுரடான பாதையில் வடக்கே போவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். அவளுக்கு மட்டும் அது தெரியாது.

நான் வேலைக்குக் கிளம்பும் முன் டீ குடிக்கும் நேரம், அவளுக்குச் சாயங்காலம். அப்போதுதான் கூப்பிடுவாள். வேலையில் இருப்பதால் வர முடியாத அண்ணனை இந்த வகையிலாவது விசேஷத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு. "ஏண்ணா, மழ வந்தா சனம் எங்க ஒதுங்கும்? தார்ப்பாய் ஒன்னு போதுமா?" என்பாள். அதற்கு முந்தின நாள்தான் க்ளென் தன் பின்வாசலில் எனக்குத் தார்ப்பாய் கட்டக் கற்றுக்கொடுத்திருப்பார். "ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டணும்மா. நடுவுல தொய்வு விட்டா தண்ணி தேங்கிக் கிழிச்சுடும்" என்பேன். "பாத்தியா, எங்க அண்ணன் எங்க இருந்தாலும் யோசன சொல்லுது" என்று சேகரிடம் பெருமையாகச் சொல்வது கேட்கும். குடிதண்ணீர் கேன் ஆடாமல் இருக்க எங்கே வைத்துக் கட்டுவது, சேற்றில் சக்கரம் சுற்றினால் அடியில் எதைப் போடுவது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எல்லாமே அந்த மற்றப் பயணத்துக்காக நான் கற்றுக்கொண்டிருந்தவை. டீயைக் குடித்து முடிக்காமலே கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.

க்ளெனிடமும் நான் முழுசாகப் பேசவில்லை. கூர்மையான சரளைக்கல் டயரைக் கிழித்துவிடும் என்று அவர் சொன்னபோது, "அப்படியானால் இரண்டு ஸ்டெப்னி எடுத்துக்கொள்வோம்" என்றேன். "ஸ்டெப்னி யார்? அவர்கள் எங்கே படுப்பார்கள்?" என்று கவலையோடு கேட்டார். மாற்று டயருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர் என்று சொன்ன பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு மாற்று டயர்களும் பெரிய ஸ்டெப்னி, சின்ன ஸ்டெப்னி ஆகிவிட்டன. இன்னொரு நாள் பேச்சுவாக்கில், என் தங்கை மகளுக்குக் காது குத்தப்போகிறார்கள் என்றேன். "ஓ, எந்த மாலில்?" என்று கேட்டார். இங்கே அது ஷாப்பிங் போகும்போது வளையல் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். மாலில் இல்லை, ஒரு மலையில் என்றேன். "காது குத்த மலைக்கா?" என்று புருவத்தை உயர்த்தினார். மடியைப் பற்றியும் தாய்மாமனைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்படியானால் நீ ஏன் இங்கே நிற்கிறாய்?" என்பதாகத்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு ஏணிக்கு எண்ணெய் போட்டேன்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அது உடைந்தது. காலையில் க்ளென் கராஜில் ஜீப்பின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது சேகர் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். நண்பர் ஒருவர் வண்டியைச் சரிசெய்ய உதவுகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. "மச்சான், வண்டிய சுத்திக் காட்டுங்க. டயரு இன்னா இம்மாம் பெருசா இருக்குது!" என்றார் சேகர். வண்டியைக் கண்டால் விடமாட்டார். க்ளெனுக்கும் அதே வியாதி. என் கையிலிருந்து போனை வாங்கி, ஜீப்பின் அடிப்பக்கம், சஸ்பென்ஷன், கூரைப்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பதிலுக்கு சேகர் தெருவிளக்கு வெளிச்சத்தில் தன் பிக்கப்பைக் காட்டினார். அதன் பின்சக்கரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. க்ளென் என் பக்கம் திரும்பி, "இது ரேஸ் டயர்தானே? உன் மைத்துனர் பந்தயம் ஓட்டுபவரா?" என்று மரியாதையோடு கேட்டார். பந்தயக் கார் டயர்களும் கோடில்லாமல் வழவழவென்றுதான் இருக்கும். நான் மொழிபெயர்க்கவில்லை. சேகரே, "சார் இன்னா சொல்றாரு?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குதுன்றாரு" என்றேன். இரண்டு பேரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

க்ளென் கூடாரத்தை விரித்துக் காட்டினார். "அட, வண்டி மேல வூடு!" என்று சேகர் வாயைப் பிளந்தார். சத்தம் கேட்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த வசந்தியும் முறத்தோடு திரைக்குள் வந்தாள். க்ளெனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று தெரிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, உரத்துச் சொன்னார்: "ஹி... மீ... நார்த்! டூ வீக்ஸ்! ஆகஸ்ட் எண்ட்!" பிறகு என் தோளில் தட்டி, "ஹி காட் லீவ்! பிஃபோர் மீ!" என்று சொல்லிச் சிரித்தார்.

வசந்தி பன்னிரண்டாவதுவரை படித்தவள். ஆனால் அதற்குப் படிப்பு தேவைப்படவில்லை. லீவு எங்கள் ஊரில் தமிழ்ச்சொல். ஆகஸ்டும் அப்படித்தான். முறத்தில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன. "ஆகஸ்டு கடைசியா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். சேகர் அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேமராவைத் தெருப் பக்கம் திருப்பினார். திரையில் தெருவிளக்கும் ஒரு நாயும் தெரிந்தன. அவள் குரல் மட்டும் கேட்டது: "ஏணி வழுக்கப் போவுது, பாத்து ஏறுண்ணா." அதோடு போன் வைக்கப்பட்டது. க்ளென், "அருமையான குடும்பம்" என்றார்.

அன்று பகல் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அங்கே விடிந்து, சேகர் லோடுக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். வசந்தி எடுத்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வசந்தி, நான் வந்துடறேன். அவர்கிட்ட சொல்லிடறேன், நான் வரலன்னு."

"எங்க வர்ற?"

"காதுகுத்துக்குத்தான்."

"வேணாம்ண்ணா" என்றாள். "ஏழுமல அண்ணன்கிட்ட சொல்லியாச்சு. போன வாரந்தான் நானும் அவரும் தட்டு எடுத்துகினு போயி வெத்தல பாக்கு வச்சுட்டு வந்தோம்."

ஏழுமலை எங்கள் பெரியப்பா மகன். எலவனாசூர்கோட்டையில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறான். பொதுக்கிணற்றுத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் முறைத்துக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அப்பா சாவுக்குக்கூட அவர்கள் சுடுகாட்டு வழியிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்கு வசந்தி தட்டோடு போயிருக்கிறாள். நான் வராததால் போக வேண்டியிருந்திருக்கிறது.

"பெரியம்மா என் கையப் புடிச்சிகினு ஒரே அழுவ. இத்தினி வருசம் கழிச்சி எங்க வாசப்படி மிதிச்சியேன்னு. ஏழுமல அண்ணன் பந்தலு, பாத்திரம் எல்லாம் நானே எடுத்தாரேன், என் தங்கச்சி வூட்டு விசேசம்னு சொல்லிச்சு. பாப்பாக்கு மோதிரம் எடுக்கப் போயிகினு இருக்காங்க. இப்ப போயி நீ வேணாம், எங்க சொந்த அண்ணன் வந்துட்டாருன்னு எந்த மொகத்த வச்சிகினு சொல்றது?"

அவள் சொல்வது நியாயம். வெற்றிலை வைத்த பிறகு திருப்பி எடுக்க முடியாது. அவளே தொடர்ந்தாள்.

"நீ லீவு குடுக்கலன்னு சொன்னதும் எனக்கு ஒரே பயம்ண்ணா. வேலையில இன்னா கஷ்டமோ, நம்மகிட்ட சொல்ல மாட்டேங்குதேன்னு. அண்ணனுக்கு வேல நல்லபடியா இருக்கணும்னு முனியப்பனுக்கு ஒரு சேவல் வேற நேந்துகினேன்."

"வசந்தி..."

"அதயும் குடுத்துடுவோம். நேந்தது நேந்ததுதான்." அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ போயிட்டு வா. ஒனக்கும் அங்க ஒரு மனுசரு கூப்பிட்டிருக்காரு. நேரா சொல்லியிருந்தா நான் இன்னா தடுத்தா இருப்பேன்? வேற நாளு பாத்திருப்பேன்."

திங்கட்கிழமை க்ளெனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடி, மாமன், முகூர்த்தம், நான் சொன்ன பொய், அவர் அறியாமல் உடைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்துபோனது. "நீ ஊருக்குப் போ. இந்தச் சாலை எங்கேயும் ஓடிவிடாது" என்றார். இனி போக முடியாது, என் இடத்தை ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று விளக்கினேன். அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்படியானால் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன, இரண்டு காது இருக்கிறதே?" என்று உண்மையாகவே கேட்டார். அவ்வளவு துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினோம். பயணத்தைப் பற்றி நிறைய எழுத மனம் வரவில்லை. தார்ச்சாலை முடிந்தது. பெரிய ஸ்டெப்னி முதல் வாரமே காலியானது. நதிகளில் வண்டியை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி ஒரு நாள் இல்லாமலே போயின. அதற்குப் பிறகு தரை முழுக்கச் சிவப்பு. டுண்ட்ரா என்னும் அந்தக் குளிர்வெளியில் குட்டைச் செடிகள் இலையுதிர்காலத்தில் சிவப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியது போல மலை மலையாக அது கிடப்பதைப் பார்த்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். ஈரமான பாசியில் கால் புதையப் புதைய, சின்னப் பையனைப் போலக் கூவினேன். அந்த நிமிடம் எனக்கு யார் நினைவும் இல்லை. மறைக்காமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த சில நிமிடங்களில் அதுவும் ஒன்று. வண்டிக்குத் திரும்பி நடக்கும்போதுதான் நெஞ்சில் வந்து இடித்தது. கஷ்டப்பட்டுக்கொண்டு போயிருந்தாலாவது தங்கைக்கு ஏதோ ஒரு வகையில் ஈடு கட்டியதுபோல இருந்திருக்கும். நான் சந்தோஷமாக இருந்தேன்.

காதுகுத்து நேரம் எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஒரு பழைய சுரங்கத் தடத்தின் ஓரம், ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். வெயில் இன்னும் சாயவில்லை. சிக்னல் கிடையாது. க்ளென் அடுப்பு பற்றவைத்தார். இப்போது பொங்கல் பொங்கியிருக்கும், இப்போது மொட்டையடித்திருப்பார்கள் என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் கடமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். காற்று குளிர்ந்ததும், வண்டிக்குள்ளிருந்து ஊதாநிறத் தூக்கப்பை ஒன்றை எடுத்து வந்து என்மேல் போர்த்தினார். அது அவர் மனைவிக்காக வாங்கியது. வழிநெடுக நான்தான் அதில் படுத்து வந்தேன். "அவள் கால் சில்லிட்டுப்போகும், அதனால் தடிமனானதாகத் தேடி வாங்கினேன்" என்றார். அந்நேரம் ஒரு மலையில் என் இடத்தில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். இங்கே இன்னொருவருடைய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. க்ளென் தன் கோப்பையை உயர்த்தி, "குழந்தையின் காதுகளுக்கு" என்றார். இவர்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள். நானும் கோப்பையை உயர்த்தினேன்.

திரும்பும் வழியில், நாட்கள் கழித்து, சரளைச் சாலை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. காலை நேரம். பங்க்கோடு சேர்ந்தே ஒரு சின்னக் கடை. கல்லாவில் இருந்த அம்மாள் என்னைக் காட்டி, "உங்கள் நண்பர் எந்த ஊர்?" என்று க்ளெனிடம் கேட்டாள். "இந்தியா" என்றார் அவர். கனடாவின் குடியுரிமை வாங்கி எனக்கு வருடங்கள் ஆகின்றன, ஆனாலும் நான் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள், "காபி ஃபார் இண்டியா!" என்று கூப்பிட்டாள். அன்பாகத்தான் கூப்பிட்டாள். காபியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது போன் உயிர்பெற்று, வந்து குவிந்த செய்திகளால் அதிர்ந்துகொண்டே இருந்தது. எதையும் பார்க்காமல் வசந்தியைக் கூப்பிட்டேன். எடுத்தது குழந்தை.

"அல்லோ, யாரு?"

"பாப்பா, நான் மாமாடா."

"மாமா இங்கதான் இருக்காரு. பாத்திரத்தத் திருப்பி எடுத்துகினு போவ வந்து, வண்டியில ஏத்திகினு இருக்காரு."

"அது ஏழுமலை மாமா. நான் மாமா பேசறேன்."

அவள் யோசித்தாள். பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும், யாரோ ஆண்கள் சிரிப்பதும் கேட்டன. "மாமா என்ன தோள் மேல தூக்கிகினு ஓடையத் தாண்டுனாரு தெரியுமா? அப்பா வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. எல்லாரும் தள்ளுனாங்க. நான் மாமா மடியில அழுவவே இல்ல. ஒரு காதுக்குத்தான் அழுதன்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு, திடீரென்று விஷயம் பிடிபட்டதுபோல, "ஆங், நீ கனடா!" என்றாள். "அம்மா, கனடா பேசுது!"

"ஆமாடா, கனடாதான். காது வலிக்குதா?"

"இன்னா?"

"காது வலிக்குதான்னு கேட்டேன்."

"கேக்கல. போன காதுல வைக்க முடியல, எரியுது. தூரமா வச்சிகினு இருக்கேன். நீ சத்தமாப் பேசு."

குரலை உயர்த்தினேன். டீசல் போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஜீப்பிலிருந்து சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த க்ளென் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கடைக்கார அம்மாள் கதவைப் பாதி திறந்து, என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்டாள். "ஒன்றுமில்லை, இந்தியாவோடு பேசுகிறான்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

"இன்னும் சத்தமா, கனடா!" என்றது குழந்தை.

ஒரு கையில் காபியோடு, அந்தப் பங்க்கின் வெட்டவெளியில் நின்றுகொண்டு, என்னால் முடிந்த மட்டும் தமிழில் கத்தினேன்.